பால் ஜாயிண்ட்: முதலில் புள்ளி, பிறகு இரும்பு

கோயம்புத்தூர் காரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்கோ, பாஹா எஸ்.ஏ.இ. இந்தியாவுக்கோ வண்டி கட்டும் மாணவர்கள் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷனை முதன்முறையாகக் கணினியில் பூட்டிப் பார்க்கும்போது ஒரே இடத்தில்தான் திகைத்து நிற்கிறார்கள். மேல் ஆர்ம், கீழ் ஆர்ம், நக்கிள், டை ராட் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. சக்கரத்தை நகர்த்தினால் ஒழுங்காக ஏறி இறங்குகிறது. ஆனால் மென்பொருள் டிஓஎஃப், அதாவது அசைவுச் சுதந்திரங்களின் எண்ணிக்கை, 2 என்று காட்டுகிறது. ஒன்றுதானே வரவேண்டும், எங்கே தப்பு என்று கேட்கிறார்கள்.

தப்பு எங்கும் இல்லை. இரு முனையிலும் பால் ஜாயிண்ட் உள்ள டை ராட், தன் நீள அச்சைச் சுற்றித் தானே சுழலலாம். இரண்டாவது சுதந்திரம் அதுதான். பட்டறையில் நிற்கும் ஒரு காரின் டை ராடைக் கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள், கொஞ்சம் திரும்பும். சக்கரம் அசையாது. மென்பொருள் உள்ளதைத்தான் சொல்கிறது.

கணக்கை ஒருமுறை கையால் போட்டுவிட்டால் இந்தக் குழப்பம் வராது. எதிலும் பூட்டப்படாத ஒரு பொருளுக்கு ஆறு சுதந்திரங்கள் உண்டு: நகர்வு மூன்று, சுழற்சி மூன்று. கீல் அவற்றில் ஐந்தைப் பறித்து ஒன்றை விடும். பால் ஜாயிண்ட் மூன்று நகர்வுகளையும் பறித்து, மூன்று சுழற்சிகளையும் விட்டுவிடும். யுனிவர்சல் ஜாயிண்ட் நான்கைப் பறிக்கும். சேசிஸும் ஸ்டியரிங் ரேக்கும் அசையவில்லை, சக்கரம் நக்கிளோடு ஒட்டியிருக்கிறது என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம். நகரும் உறுப்புகள் நான்கு; 4 × 6 = 24. ஆர்ம்களின் இரண்டு கீல்கள் 10-ஐ எடுத்துக்கொள்ளும். மேலும் கீழும் ஒவ்வொன்று, டை ராடுக்கு இரண்டு என நான்கு பால் ஜாயிண்ட்கள் 12-ஐ எடுத்துக்கொள்ளும். மிச்சம் 2. ரேக்கை விடுவித்தால் உறுப்பு ஒன்று கூடி, அதன் சறுக்கு மூட்டு ஐந்தைப் பறிக்கும். மிச்சம் 3 ஆகிவிடும். சக்கரத்தின் ஏற்ற இறக்கம், ஸ்டியரிங், டை ராடின் வெட்டிச் சுழற்சி ஆகிய மூன்றும்தான் அவை. கல்லூரியில் க்ரூப்லர், குட்ஸ்பாக் பெயர்களோடு படித்த வாய்பாடு இதற்கு மேல் ஒன்றுமில்லை. மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே இதைத் தாளில் எழுதிவிடுங்கள். திரையில் வரும் எண் தாளில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால், அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

மென்பொருள் பால் ஜாயிண்டை எப்படிப் பார்க்கிறது என்பது அடுத்தது. அதற்குக் குமிழும் தெரியாது, கிண்ணமும் தெரியாது, கிரீஸ் பூட்டும் தெரியாது. முதல் உறுப்பில் ஒரு புள்ளி, இரண்டாவது உறுப்பில் ஒரு புள்ளி. இரண்டும் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கவேண்டும். எக்ஸ், ஒய், இசட் என மூன்று சமன்பாடுகள், அவ்வளவுதான். நீங்கள் வரைந்து வைத்த ஸ்டட், ஹவுசிங் எல்லாம் கண்ணுக்கான அலங்காரம். ஆகவே மூட்டை எங்கே வைக்கிறோம் என்ற கேள்விக்கு ஒரே பதில், குமிழின் மையப் புள்ளி.

மெனுவில் இதன் பெயர் மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். ஃப்யூஷனிலும் இன்வென்டரிலும் க்ரியோவிலும் 'பால்' என்றே இருக்கும். ஆடம்ஸிலும் சிம்ஸ்கேப் மல்டிபாடியிலும் 'ஸ்பெரிக்கல்' என்று தேடவேண்டும். சாலிட்வொர்க்ஸில் இரண்டு கோளப் பரப்புகளுக்கு இடையே 'கான்சென்ட்ரிக்' மேட் கொடுக்கலாம். இரண்டு புள்ளிகளுக்கு இடையே 'கோஇன்சிடென்ட்' கொடுத்தாலும் அதுவே. நான் புள்ளிகளைத்தான் பரிந்துரைப்பேன். கோளப் பரப்பைப் பிடித்து மேட் கொடுத்தால், நாளைக்கு வேறு ராட் எண்டை மாற்றும்போது அந்தப் பரப்பு போய்விடும், மேட்டும் உடைந்துவிடும். புள்ளி நிலைத்து நிற்கும்.

அதனால் முதலில் புள்ளிகளுக்கென்று தனியாக ஒரு கோப்பு வையுங்கள். சஸ்பென்ஷன் துறையில் இவற்றை ஹார்ட் பாயிண்ட் என்பார்கள். மேல் பால் ஜாயிண்ட், கீழ் பால் ஜாயிண்ட், டை ராடின் உள்முனை, வெளிமுனை, ஆர்ம்கள் சேசிஸில் சேரும் நான்கு இடங்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர், மூன்று எண்கள். பாகங்கள் எல்லாம் இந்தப் புள்ளிகளைப் பார்த்து வரையப்படவேண்டும். பாகங்களைப் பார்த்துப் புள்ளிகள் வரக்கூடாது. விற்பனையாளர் தரும் ஸ்டெப் கோப்பில் குமிழ் பெரும்பாலும் ரப்பர் பூட்டுக்குள் மறைந்திருக்கும். அவசரத்தில் ஸ்டட்டின் நட்டு உட்காரும் முகத்தையோ ஹவுசிங்கின் விளிம்பையோ மையம் என்று பிடித்துவிடுவார்கள். திரையில் எல்லாம் அழகாகவே நகரும். தவறு கண்ணில் படாது.

அந்தத் தவறுக்கு என்ன விலை என்பதை எண்ணில் பார்த்தால்தான் உறைக்கும். டை ராட் 300 மி.மீ. நீளம், நக்கிளின் ஸ்டியரிங் ஆர்ம் 75 மி.மீ. என்று வையுங்கள். மற்ற அளவுகள் எல்லாம் மிகச் சரி. சக்கரம் ஏறும்போது டோ மாறாத வடிவமைப்பு. டை ராடின் உள்முனை மையத்தை மட்டும் 5 மி.மீ. மேலேயோ கீழேயோ தள்ளிவைத்துவிட்டீர்கள். சக்கரம் 25 மி.மீ. ஏறினால் ராடின் வெளிமுனை குறுக்குவாக்கில் சுமார் 25 × 5 ÷ 300, அதாவது 0.42 மி.மீ. இழுபடும். 75 மி.மீ. ஆர்மில் அது ஏறத்தாழ 0.32 பாகை. ஏறும்போது ஒரு பக்கம், இறங்கும்போது மறுபக்கம். ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் தொடாமலே சக்கரம் தானாகத் திரும்புகிறது. பம்ப் ஸ்டியர் என்று சொல்வது இதைத்தான். மேல், கீழ் பால் ஜாயிண்ட்களின் மையங்களும் இப்படியே. அந்த இரு புள்ளிகளை இணைக்கும் கோடுதான் கிங்பின் அச்சு. இரும்பில் அப்படி ஒரு பின் கிடையாது, கோடு மட்டும்தான் உண்டு. காஸ்டர், கிங்பின் சாய்வு, ஸ்க்ரப் ரேடியஸ் மூன்றும் அந்தக் கோட்டிலிருந்து பிறப்பவை. புள்ளி பிசகினால் மூன்றும் சேர்ந்தே பிசகும்.

இனி அந்த வெட்டிச் சுழற்சியை என்ன செய்வது? வடிவியல் மட்டும் பார்க்கும் தொடக்கக் கட்டத்தில், டை ராடை ஓர் உறுப்பாகவே வைக்கவேண்டாம் என்பது என் கருத்து. ரேக்கில் உள்ள புள்ளிக்கும் நக்கிளில் உள்ள புள்ளிக்கும் இடையே மாறாத தூரம் என்று ஒரே ஒரு கட்டுப்பாடு போதும். கணக்கு அப்போது எவ்வளவு சுத்தமாக வருகிறது பாருங்கள்: உறுப்புகள் மூன்று, 18, கீல்கள் 10, பால் ஜாயிண்ட்கள் 6, தூரம் 1, மிச்சம் 1.

ராடின் எடையும் விசைகளும் தேவைப்படும் கட்டம் வந்தால் அது உறுப்பாக வந்தே ஆகவேண்டும். அப்போது ஒரு முனையின் பால் ஜாயிண்டை எடுத்துவிட்டு யுனிவர்சல் ஜாயிண்ட் போடுங்கள். மூன்றுக்குப் பதில் நான்கு பறிபோகும். வெட்டிச் சுழற்சி நின்றுவிடும். சக்கரத்தின் அசைவு துளியும் மாறாது. இதில் ஒரு கவனம் வேண்டும். யுனிவர்சலின் சிலுவைக்கு இரண்டு அச்சுகள் உண்டு. தொடக்க நிலையில் இரண்டும் ராடுக்குச் செங்குத்தாக இருக்கும்படி அமையுங்கள். ஓர் அச்சு ராடின் நீளத்தோடு ஒட்டிப் படுத்துவிட்டால், நீங்கள் தடுக்க நினைத்த சுழற்சியே மறுபடி திறந்துகொள்ளும். ராடுக்குத் தேவையான ஒரு சாய்வு பூட்டிக்கொள்ளும்.

அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. அசைபடத்துக்கு மட்டும் என்றால் ஒன்றும் ஆகாது. இயக்கவியல் கணக்கில் வம்பு வரும். மெல்லிய ராடின் நீள அச்சைச் சுற்றிய நிலைமத் திருப்புத்திறன் மிக மிகச் சிறியது. கணக்கீட்டில் வரும் சின்னப் பிழை கூட அதைப் பம்பரமாகச் சுற்றவைக்கும். அதைப் பின்தொடரத் தீர்வி தன் காலப்படியைச் சுருக்கிக்கொண்டே போகும். நிமிடத்தில் முடியவேண்டிய ஓட்டம் இழுத்துக்கொண்டே கிடக்கும்.

ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்லவேண்டும். டை ராட் வளைந்திருந்தால் அந்தச் சுழற்சி வெட்டியானது இல்லை. ரிம்மைத் தவிர்ப்பதற்காக வளைத்த ராட், இரு குமிழ் மையங்களையும் இணைக்கும் கோட்டைச் சுற்றிச் சாய்ந்து, எதைத் தவிர்க்க வளைத்தோமோ அதிலேயே போய் இடிக்கக்கூடும். அங்கே யுனிவர்சலைப் போட்டு மறைத்துவிட்டால் திரையில் இடிக்காது, வண்டியில் இடிக்கும். வளைந்த ராடுக்கு இரு முனையிலும் பால் ஜாயிண்டையே வைத்து, எவ்வளவு சாயமுடியும் என்று திருப்பிப் பாருங்கள்.

இந்தச் சிக்கல் சஸ்பென்ஷனோடு நிற்பதில்லை. விமானப் பயிற்சிக் கூண்டுகளைத் தாங்கும் ஆறுகால் மேடையை எடுத்துக்கொள்ளுங்கள். எரிக் காஃப் டயர் சோதனைக்காக உருவாக்கியது; 1965-இல் ஸ்டீவர்ட் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அவர் பெயராலேயே பரவலாக அறியப்படுகிறது. காலின் இரு முனைகளிலும் பால் ஜாயிண்ட் போட்டால் 13 × 6 = 78-இல் பால் ஜாயிண்ட்கள் 36, சறுக்கு மூட்டுகள் 30 போக 12 மிஞ்சும். மேடைக்கு 6, கால்கள் தம்மைத்தாமே சுற்றிக்கொள்ள 6. அடியில் யுனிவர்சல் போட்டால் சரியாக 6. மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டில் டை ராடோடு ஸ்ட்ரட் தண்டும் சுற்றும். தண்டு குழாய்க்குள் நகர்வதோடு சுழலவும் செய்யும் உருளை மூட்டாக வைத்தால் மேல்முனைக்கு யுனிவர்சல் போடுங்கள். மேல்முனை பால் ஜாயிண்ட் என்றால் தண்டுக்கு வெறும் சறுக்கு மூட்டு போதும்.

சுதந்திரம் மிஞ்சுவதைவிட, கட்டுப்பாடு மிஞ்சுவதுதான் உண்மையில் ஆபத்தானது. மிஞ்சிய சுதந்திரம் கண்ணுக்குத் தெரியும். மிஞ்சிய கட்டுப்பாடு சத்தமில்லாமல் பொய் எண்களைத் தரும். விஷ்போன் ஆர்முக்குச் சேசிஸில் இரண்டு இடங்களில் பிடிப்பு உண்டு. இரும்பில் இரண்டு இருக்கிறது என்பதற்காகத் திரையிலும் இரண்டு கீல்கள் போட்டுவிடுகிறார்கள். முதல் கீலே ஐந்தையும் பறித்துவிட்டது. இரண்டாவது கீலின் ஐந்தும் மிகை. ஆடம்ஸ் போன்ற தீர்விகள் மிகையான சமன்பாடுகளைத் தாமாகவே நீக்கிவிட்டு ஓடும். அசைவு சரியாகவே வரும். ஆனால் நீக்கப்பட்ட கட்டுப்பாட்டின் எதிர்விசை பூச்சியம் என்று வெளிவரும். அதன் பங்கையும் மற்றொரு பிடிப்பு சுமந்ததாகக் காட்டும். எதை நீக்குவது என்பது தீர்வியின் விருப்பம். அந்த எண்ணை வைத்து போல்ட்டின் தடிமனைத் தீர்மானிப்பவர் அதிர்ஷ்டத்தை நம்பி வேலை செய்கிறார்.

இங்கேதான் பால் ஜாயிண்ட் கைகொடுக்கும். ஒரு பிடிப்பில் பால் ஜாயிண்ட். மற்றதில் புள்ளி ஒரு கோட்டின் மேல் சறுக்கலாம் என்ற கட்டுப்பாடு. ஆடம்ஸில் அது 'இன்லைன்'. மூன்றும் இரண்டும் ஐந்து. கீலின் வேலை நடந்துவிடும், மிகை ஒன்றுகூட இல்லை, இரண்டு பிடிப்புகளிலும் தனித்தனியாக எதிர்விசை கிடைக்கும். இரண்டிலும் பால் ஜாயிண்ட் போட்டால் ஆறு பறிபோகும். அச்சின் நீளவாக்கில் ஒரு கட்டுப்பாடு மிகையாகிவிடும். அந்தத் திசை விசையை இரண்டு பிடிப்புகளும் எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன என்று யாராலும் சொல்லமுடியாது. நிஜத்தில் அந்தப் பங்கீட்டைத் தீர்மானிப்பது ரப்பர் புஷ்ஷின் மென்மை. அது தேவை என்றால் மூட்டை எடுத்துவிட்டு, ஒவ்வொரு திசைக்கும் விறைப்பு கொடுத்து புஷ்ஷாகவே அமையுங்கள்.

எதிர்விசைகள் வெளிவந்ததும் செய்யவேண்டிய சோதனை ஒன்று உண்டு. ஒரு நிமிட வேலை. இரு முனையிலும் பால் ஜாயிண்ட் உள்ள ராட், தன் எடையையும் முடுக்கத்தையும் ஒதுக்கிவிட்டால், நீளவாக்கில் மட்டுமே விசையைக் கடத்தமுடியும். எனவே எதிர்விசையின் திசை இரு மையங்களையும் இணைக்கும் கோட்டின் மேல் விழவேண்டும். உராய்வு கொடுக்காத பால் ஜாயிண்டில் திருப்புவிசை பூச்சியமாக இருக்கவேண்டும். டை ராடில் பெரிய பக்கவிசை தெரிந்தால், எங்கோ பால் ஜாயிண்ட் என்று நினைத்து வேறொன்றைப் போட்டிருக்கிறீர்கள்.

சாய்வு எல்லைக்கு வருவோம். மென்பொருளின் பால் ஜாயிண்ட் எந்தப் பக்கமும் எவ்வளவும் சாயும். கடையில் வாங்கும் ராட் எண்ட் அப்படிச் சாயாது, ஹவுசிங்கில் முட்டும். எத்தனை பாகை என்பது அளவுக்கு அளவு மாறும். தயாரிப்பாளரின் அட்டவணையில் நீங்கள் வாங்கப்போகும் பாக எண்ணுக்கு நேராகப் பாருங்கள், பொதுவான மதிப்பை நம்பாதீர்கள். ஸ்டட்டைச் சுற்றிய சுழற்சிக்கு எல்லை இல்லை. சாய்வுக்கு மட்டும்தான் எல்லை. அதாவது எல்லையின் வடிவம் கூம்பு.

ஃப்யூஷனில் பிட்ச், யா, ரோல் என்று மூன்றுக்கும் தனித்தனியாக எல்லை கொடுக்கலாம். அட்டவணை 15 பாகை என்கிறதே என்று பிட்ச்சுக்கும் யாவுக்கும் தலா 15 கொடுத்துவிடுவார்கள். அது கூம்பாக அமையாது, சதுரமாக அமைகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் 15 ஆகும் மூலையில் ஸ்டட்டின் உண்மையான சாய்வு சுமார் 21 பாகை. திரை அனுமதிக்கும், இரும்பு அனுமதிக்காது. இரண்டுக்கும் 10.6 கொடுத்தால் மூலையில் 15-க்குள் அடங்கும், ஆனால் நேர்த்திசையில் வீணாக இறுக்கிவிடும். சரியான வழி, ஸ்டட்டின் அச்சுக்கும் ஹவுசிங்கின் அச்சுக்கும் இடையிலான கோணத்தை அளவீடாகவே போட்டு, சக்கரம் முழுதும் ஏறி இறங்கும் ஒவ்வொரு நிலையிலும் ரேக்கைக் கோடிக்குக் கோடி ஓட்டி, பெருமதிப்பை எடுப்பது. அப்படி எடுத்தபின் ஸ்டட்டை எந்தக் கோணத்தில் பொருத்தினால் இரு பக்கமும் சமமாக இடம் மிஞ்சும் என்பதும் தெரியும். நிற்கும் நிலையில் நேராகத் தெரிகிறது என்பதற்காகப் பொருத்திய ஸ்டட், ஒரு பக்கம் எல்லையைத் தொட்டு மறுபக்கம் பாதியைக்கூடப் பயன்படுத்தாமல் கிடப்பது அடிக்கடி நடப்பது. குமிழ் முட்டும்போது ராட் எண்டின் கழுத்து வளைவிசையைத் தாங்கவேண்டி வரும். அது அதற்கான பாகமே இல்லை.

ரோபோ பக்கம் வேலை செய்பவர்களுக்கு ஒரு சொல். யு.ஆர்.டி.எஃப். கோப்பு வடிவத்தில் பால் ஜாயிண்ட் என்ற வகையே கிடையாது. மூன்று கீல்களை ஒரே புள்ளியில் அடுக்கி, நடுவில் பெயருக்கு இரண்டு உறுப்புகளை வைத்துத்தான் செய்யவேண்டும். அந்த உறுப்புகளுக்குப் பூச்சிய எடை கொடுக்காதீர்கள், இயக்கவியல் தீர்வி திணறும். சிறியதாக ஒரு எடையும் நிலைமமும் கொடுங்கள். நடுக் கீல் 90 பாகையைத் தொட்டால் முதல் அச்சும் மூன்றாம் அச்சும் ஒன்றின்மேல் ஒன்று படுத்து, ஒரு சுதந்திரம் காணாமல் போகும். ஆகவே வழக்கமான அசைவின் நடுவில் அந்தக் கீல் பூச்சியத்தில் இருக்கும்படி அச்சுகளைத் தேர்ந்தெடுங்கள். சிம்ஸ்கேப்பில் 'கிம்பல்' என்ற மூட்டும் மூன்று கீல் அடுக்குதான், அதே வியாதி அதற்கும் உண்டு. 'ஸ்பெரிக்கல்' இருக்கும்போது அதைத் தொடவேண்டிய அவசியமில்லை.

பூட்டும்போது கையால் இழுத்து விளையாடாதீர்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஒரே நீளங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பூட்டுநிலைகள் உண்டு. பெரிதாக ஓர் இழுப்பு இழுத்தால் நக்கிள் உள்பக்கமாகப் புரண்டு வேறொரு நிலையில் போய் உட்காரும். எல்லாச் சமன்பாடுகளும் நிறைவேறியிருப்பதால் மென்பொருள் எச்சரிக்காது. சரியான நிலையைச் சேமித்துவைத்து, அங்கிருந்து ஒரு மி.மீ., இரண்டு மி.மீ. படிகளில் ஓட்டுங்கள். டோ, கேம்பர் வரைபடங்களில் திடீரென ஒரு தாவல் வந்தால் அது புரண்ட இடம்.

குமிழையும் கிண்ணத்தையும் அப்படியே வரைந்து இரண்டுக்கும் இடையே தொடுவிசை கொடுத்தால் இன்னும் நிஜமாக இருக்குமே என்று சிலர் ஆசைப்படுகிறார்கள். வேண்டாம். பல மென்பொருள்கள் கோளப் பரப்பைச் சின்னச்சின்ன முக்கோணங்களாக உடைத்துத்தான் தொடுகையைக் கணக்கிடுகின்றன. முக்கோண விளிம்புகளில் குமிழ் ஏறி இறங்கும் அதிர்வு விசை வரைபடத்தில் வரும். அது உங்கள் வண்டியில் இல்லாத அதிர்வு. தேய்ந்த மூட்டின் ஆட்டத்தை ஆராய்வதுதான் நோக்கம் என்றால் மட்டும் அந்த வழிக்குப் போங்கள்.

ஆர்ம்களை வெல்டிங் செய்து, ராட் எண்ட்களைத் திருகி, வண்டியைத் தளத்தில் நிறுத்தியபின் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. ஜிக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெல்டிங் சூடு புள்ளிகளை இழுத்திருக்கும். ஒவ்வொரு பால் ஜாயிண்டின் மையத்தையும் சேசிஸிலிருந்து அளந்து, ஹார்ட் பாயிண்ட் கோப்பின் இன்னொரு பிரதியில் அந்த எண்களைப் போட்டு, மாதிரியைத் திரும்ப ஓட்டுங்கள். டோ சரிசெய்வதும் ரேக்கின் உயரத்துக்கு ஷிம் வைப்பதும் அந்தப் பிரதியைப் பார்த்துத்தான் நடக்கவேண்டும்.